முழங்கால் மாற்று: அதிகம் மடங்கும் காலா, உறுதியாக நிற்கும் காலா?

முழங்கால் மாற்று அறுவைக்குத் தேதி குறித்தவர்கள் முதலில் கேட்பது, "கால் எவ்வளவு மடங்கும்?" அடுத்தது, "எந்த கம்பெனி மூட்டு நல்லது?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் அறுவைக்குப் பிறகு நடை பழக வருபவர்களோடு வேலை செய்யும் எனக்குத் தெரிவது கொஞ்சம் வேறு. 125 டிகிரி மடங்கும் காலை வைத்துக்கொண்டு படி இறங்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 105 டிகிரியோடு கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் உலோகம் காரணமில்லை. உலோகத்தைச் சுற்றியிருக்கும் ஜவ்வும், எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்டும் எந்த அளவு இறுகியிருக்கின்றன, உட்பக்கமும் வெளிப்பக்கமும் சமமாக இழுக்கின்றனவா என்பதுதான் காரணம்.

அந்த இழுவையைச் சரிசெய்வதில் சர்ஜன் முன் பல வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். முடிவுகளில் பல, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது எடுக்கப்படுபவை. அப்படியானாலும் அந்தக் காலோடு வாழப்போகிறவர் அவர்தான். முன்கூட்டியே தெரிந்துகொண்டு டாக்டரோடு பேச அவருக்கு முழு உரிமை உண்டு.

எத்தனை டிகிரி இருந்தால் போதும்?

சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 65 டிகிரி மடக்கம் போதும். படி ஏற 80க்குச் சற்று மேல், இறங்க 90 அல்லது இன்னும் கொஞ்சம், நாற்காலியில் உட்கார்ந்து எழ 95ஐ ஒட்டி, உட்கார்ந்தபடி குனிந்து ஷூ கயிறு கட்ட 105. குந்தி உட்காரவும் மண்டியிட்டுக் குதிகாலின் மேல் அமரவும் 130க்கு மேல் வேண்டும். நன்றாகச் செய்த முழங்கால் மாற்றுக்குப் பிறகு பலருக்கும் கிடைப்பது 110 முதல் 120 வரை. அதாவது தினசரி வேலைகளில் பெரும்பாலானவை அதற்குள் அடங்கிவிடும். குந்துவது மட்டும் அடங்காது.

மாற்றுக்குப் பிறகு எவ்வளவு மடங்கும் என்பதை மற்ற எதையும்விட அதிகமாகச் சொல்வது, அறுவைக்கு முன் அந்தக் கால் எவ்வளவு மடங்கியது என்பதுதான். 80 டிகிரிதான் மடங்கிய கால் பெரும்பாலும் முன்னேறும். 140 மடங்கிய கால் கொஞ்சம் இழக்கும். இரண்டும் நடுவை நோக்கி வரும். இதை முன்பே சொல்லிவிட்டால், நன்றாக மடங்கிய காலோடு அறுவைக்குப் போனவர் பின்னால் "இருந்ததும் போச்சே" என்று உடைந்துபோக மாட்டார்.

எல்லோரும் மடக்கத்தையே பேசுகிறோம், நீட்டத்தைப் பேசுவதில்லை. எனக்கு இதில் ஆதங்கம் அதிகம். 10 டிகிரி மடக்கம் குறைந்தால் ஷூ மாட்டக் கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான். 10 டிகிரி நீட்டம் குறைந்தாலோ, நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தொடையின் முன்தசை விடாமல் வேலை செய்ய வேண்டும். கால் குட்டையானதுபோல் இருக்கும், நடை தாங்கித் தாங்கிப் போகும், இடுப்பும் மறுகாலும் அந்தச் சுமையை ஏற்கும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கடைசி 10 டிகிரி மடக்கத்தை விட்டுக்கொடுக்கலாம். முழு நீட்டத்தை விட்டுக்கொடுக்கவே கூடாது.

இறுக்கமா, தளர்வா?

தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் வெட்டி எடுத்ததும் நடுவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. கால் நீட்டியிருக்கும்போது ஓர் இடைவெளி, 90 டிகிரி மடக்கியிருக்கும்போது இன்னொன்று. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒத்துப்போக வேண்டும். உலோக மூட்டும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் தட்டும் சேர்ந்து இரண்டு நிலையிலும் அந்த இடத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். அறுவையின் முக்கால்வாசி யோசனை இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

சர்ஜன் இதைச் சோதிக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் உடனே புரியும். எலும்பை வெட்டிய இடத்தில் தடிமனான ஒரு கட்டையைச் செருகி, காலை நேராக நீட்டுவார். ஒரு கை தொடையைப் பிடித்திருக்கும், இன்னொரு கை கணுக்காலைப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசைக்கும். ஒவ்வொரு பக்கமும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் மெல்லத் திறந்து மூடினால் சரி. துளிகூடத் திறக்கவில்லை என்றால் இறுக்கம். வாய் பிளந்ததுபோல் திறந்தால் தளர்வு. பிறகு காலை மடக்கி அதே சோதனை. இந்த உணர்வு கைப்பழக்கத்தில் வருவது. அதனால்தான் இதை நிறையச் செய்த கை முக்கியம் என்கிறோம்.

இறுக்கம் எந்த நிலையில் வருகிறதோ அதற்கேற்ப மருந்தும் மாறும். நீட்டும்போது மட்டும் இறுக்கமாக இருந்தால், தொடை எலும்பின் கீழ்முனையில் இன்னும் கொஞ்சம் வெட்டலாம், அல்லது மூட்டின் பின்பக்க உறையைத் தளர்த்தலாம். மடக்கும்போது மட்டும் இறுக்கமானால், தொடைப் பகுதிக்கு ஓர் அளவு சிறிய உலோகத்தை எடுக்கலாம், கீழ்க்கால் எலும்பின் வெட்டைப் பின்பக்கம் சற்றுச் சரிவாக வைக்கலாம். இரண்டிலும் இறுக்கம் என்றால் கீழ்க்கால் எலும்பில் இன்னும் வெட்ட வேண்டும். இரண்டிலும் தளர்வு என்றால் தடிமனான பிளாஸ்டிக் தட்டு போதும். எல்லாவற்றுக்கும் முன்னால், தேய்ந்த மூட்டின் ஓரத்திலும் பின்பக்கத்திலும் வளர்ந்த எலும்பு முட்களை நீக்கிவிட வேண்டும். அந்த முட்கள் ஜவ்வைத் தூக்கிப் பிடித்து இறுக்குவதால், அவற்றை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கும். முள்ளை எடுக்காமல் முதலிலேயே லிகமென்டைத் தளர்த்தினால் பின்னால் அது தேவைக்கு மேல் தளர்ந்துவிடும்.

சரி, துல்லியமாக நடுவில் நிற்க முடியாதபோது எந்தப் பக்கம் சாய்வது? இறுக்கமான மூட்டு வலிக்கும், மடங்க மறுக்கும், பிளாஸ்டிக்கின் மேல் சுமையைக் கூட்டும். தளர்ந்த மூட்டு நடையில் நழுவுவதுபோல் தோன்றும், அடிக்கடி நீர் கோத்து வீங்கும். சின்ன அளவு தளர்வை உடல் நன்றாகவே ஏற்கிறது. இரண்டு காலிலும் மாற்று செய்தவர்களைக் கேட்டுப் பார்த்த ஆய்விலும், சற்றுத் தளர்ந்த காலையே அவர்கள் விரும்பியதாகத் தெரிந்தது. ஆனால் அளவு மீறிய தளர்வுக்கு உடற்பயிற்சி மருந்தில்லை. மறுபடி திறப்பதுதான் வழி. மாற்று மூட்டைத் திரும்பவும் மாற்றுவதற்கான முக்கியக் காரணங்களில், தொற்றுக்கும் மூட்டு எலும்பிலிருந்து விடுபடுவதற்கும் அடுத்தபடி, இந்த நிலையின்மையும் ஒன்று.

இதில் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. நோயில்லாத முழங்கால்களை 90 டிகிரி மடக்கி எம்.ஆர்.ஐ. எடுத்த ஒரு ஜப்பானிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. உட்பக்கம் சராசரியாக 2 மில்லிமீட்டர்தான் திறந்தது, வெளிப்பக்கமோ 6 மில்லிமீட்டருக்கு மேல். அதாவது மடங்கிய நிலையில் வெளிப்பக்கம் தளர்ந்திருப்பது இயற்கையே. உட்பக்கம்தான் மூட்டின் தூண். வெளிப்பக்கம் கொஞ்சம் கூடத் திறந்தால் நான் பயப்பட மாட்டேன். உட்பக்கம் திறந்தால் கவலைப்படுவேன்.

எலும்பை அளந்து வெட்டுவதா, ஜவ்வை இழுத்துப் பார்த்து வெட்டுவதா?

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே சர்ஜன்களிடம் பல பத்தாண்டுகளாக விவாதம் நடக்கிறது.

முதல் வழியில் எலும்பின் அடையாளங்களே வழிகாட்டி. தொடை எலும்பின் இரு பக்க மேடுகளை இணைக்கும் கோடு, முன்பக்கப் பள்ளத்தின் கோடு, பின்பக்கக் குமிழ்களின் கோடு ஆகியவற்றைப் பார்த்து, பெரும்பாலும் பின்பக்கக் கோட்டிலிருந்து 3 டிகிரி வெளிப்புறமாகத் திருப்பி வெட்டுவார்கள். எவ்வளவு எலும்பு போகிறதோ அந்தக் கனத்துக்கு உலோகம் வைக்கப்படும். வெட்டி முடித்த பிறகே ஜவ்வைப் பார்த்துத் தளர்த்துவது. இதில் மூட்டின் கோடு, அதாவது இரு எலும்புகளும் சந்திக்கும் மட்டம், இயற்கையான உயரத்திலேயே நிற்கும், அது பெரிய நன்மை. பலவீனம், அந்த அடையாளங்களைக் கண்டுபிடிப்பதில்தான். பக்க மேடுகளைச் சதைக்கு நடுவில் தடவித் தேடும்போது இரண்டு அனுபவசாலிகளே வேறு வேறு புள்ளியைக் காட்டலாம். முட்டிகள் இடிக்கும் காலில் வெளிப்பக்கக் குமிழ் தேய்ந்தோ வளராமலோ இருக்கும். அங்கே 3 டிகிரிக் கணக்கு தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

இரண்டாவது வழியில் கீழ்க்கால் எலும்பை முதலில் வெட்டுகிறார்கள். கால் நீட்டிய நிலையில் இரு பக்கமும் சமமாகும்வரை ஜவ்வைச் சரிசெய்கிறார்கள். பிறகு காலை மடக்கி, ஒரே விசையில் இழுத்துப் பிடித்து, ஜவ்வு எங்கே நிறுத்துகிறதோ அதற்கேற்பத் தொடை எலும்பின் திருப்பத்தை முடிவு செய்கிறார்கள். மடக்கும்போதான இடைவெளி செவ்வகமாக அமைய இது நல்ல வழி. ஆனால் எல்லாமே அந்த முதல் வெட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கீழ்க்கால் எலும்பை ஒரு பக்கம் சாய்வாக வெட்டிவிட்டால், அந்தப் பிழை தொடை எலும்பின் திருப்பத்திலும் ஏறிக்கொள்ளும், முட்டிச் சில்லு நேராக ஓடாது. பின்பக்க எலும்பு முட்களை முன்பே எடுக்கவில்லை என்றால் ஜவ்வு காட்டும் இழுவையே பொய்யாகிவிடும். சிலருக்கு மூட்டின் கோடு மேலே ஏறிவிடுவதும் உண்டு. அப்படி ஏறினால், நீட்டும்போதும் 90 டிகிரியிலும் சரியாக இருந்துகொண்டு, நடுவில் 30 முதல் 60 டிகிரிக்குள் மட்டும் ஆடும். படி இறங்கும்போது "கால் எங்கோ போகிறது" என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், மடக்க இடைவெளி சமமாக அமைவதில் இரண்டாவது வழி முன்னே நிற்பதாகத் தெரிகிறது. நோயாளியின் வலி, நடை, திருப்தி ஆகியவற்றில் வேறுபாடு சிறியதுதான். நடைமுறையில் நல்ல சர்ஜன்கள் இரண்டையும் கலந்தே செய்கிறார்கள்: எலும்பு அடையாளத்தில் தொடங்கி, ஜவ்வின் இழுவையால் சரிபார்க்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், ஏன் முரண்படுகிறது என்று நின்று பார்க்கிறவரே நல்ல சர்ஜன் என்பது என் எண்ணம்.

நேர்க்கோட்டுக் காலா, அவரவர் காலா?

1970களில் மைக்கேல் ஃப்ரீமேனும் ஜான் இன்சாலும் வகுத்த பாதையில், இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவரை வரையும் கோடு முழங்காலின் நடுவே போக வேண்டும். எல்லா எலும்பு வெட்டும் அந்த அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும். சுமை இரு பக்கமும் சமமாகப் பரவும், மூட்டு நீண்ட நாள் நிற்கும் என்பது அதன் தர்க்கம். அந்தத் தர்க்கம் வீணாகவில்லை. பல பத்தாண்டுகள் நிலைத்த மூட்டுகள் இதற்குச் சாட்சி.

சிக்கல் என்னவென்றால் மனிதக் கால் அப்படி நேராக இல்லை. இயல்பான கீழ்க்கால் எலும்பின் மேல்தளமே ஏறத்தாழ 3 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்தது. 2012இல் பெல்ஜியத்தில் யோஹான் பெலெமான்ஸ் குழு மூட்டு வலி இல்லாத இளைஞர்களை அளந்தபோது, ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் இயல்பாகவே கால் 3 டிகிரியோ அதற்கு மேலோ வில்போல் வளைந்திருந்தது. இப்படிப்பட்டவருக்கு நேர்க்கோட்டில் மூட்டு வைத்தால், உட்பக்க ஜவ்வு அவர் வாழ்நாளில் இருந்திராத நீளத்துக்கு இழுபடும். அதைச் சமாளிக்க லிகமென்டைத் தளர்த்த வேண்டிவரும். தளர்த்திய ஜவ்வு ஆறும்போது வலி, வீக்கம், மடக்கத்தில் தயக்கம் எல்லாம் வரலாம்.

இதற்கு மாற்றாக ஸ்டீபன் ஹோவெல் 2000களில் முன்னெடுத்த வழியில், மூட்டு தேயும் முன் அந்தக் கால் எப்படி இருந்ததோ அந்த வடிவத்தையே திரும்பக் கொண்டுவர முயல்கிறார்கள். தேய்ந்த குருத்தெலும்பின் கனத்தைக் கணக்கில் சேர்த்து வெட்டுவதால், பல சமயம் ஜவ்வைத் தொடவே தேவைப்படுவதில்லை. முழங்கால் கதவுக் கீல் போல ஒரே அச்சில் மடங்குவதில்லை. மடங்கும்போது உட்பக்கம் நிற்க, வெளிப்பக்கம் பின்னோக்கி உருளும். இந்த இயல்பை இந்த வழி அதிகம் மதிக்கிறது.

ஆரம்பத்தில் வந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இந்த வழியில் வலி குறைந்தது, மடக்கமும் பல டிகிரி கூடியது. பின்னால் வந்த சில ஆய்வுகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. கீழ்க்கால் எலும்பில் அதிகச் சாய்வாக வைத்தால் மூட்டு நாளடைவில் எலும்பிலிருந்து விடுபடுமோ என்ற பயமும் முற்றிலும் தீரவில்லை. எனவே பலர் நடுவழி பிடிக்கிறார்கள். அவரவர் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவருவது, ஆனால் மொத்த வளைவு 3 டிகிரிக்கு மேல் போகாமல் வரம்பு வைப்பது.

லேசான வளைவு உள்ள, உட்பக்கம் மட்டும் தேய்ந்த, லிகமென்டுகள் நல்ல நிலையில் உள்ள காலுக்கு இந்த வரம்புள்ள நடுவழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடுமையாக வளைந்த காலுக்கும், பழைய எலும்பு முறிவால் வடிவம் மாறிய காலுக்கும், லிகமென்ட் கிழிந்த காலுக்கும் நேர்க்கோட்டு வழியே பாதுகாப்பு. சர்ஜன் எதில் தேர்ந்தவர் என்பதும் சேர்ந்தது இதில். ஒருவர் நூற்றுக்கணக்கில் செய்து பழகிய முறையை விட்டு, நீங்கள் படித்து வந்து கேட்டதற்காகப் புதிய முறையை உங்கள் காலில் முயன்று பார்க்க வேண்டாம்.

பின் குறுக்கு லிகமென்டை வைப்பதா, எடுப்பதா?

முழங்காலுக்குள் குறுக்காக இரண்டு லிகமென்ட்கள் உண்டு. முன்னால் இருப்பது பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிடும். பின்னால் இருப்பதை வைத்தும் செய்யலாம், எடுத்தும் செய்யலாம். இதன் வரலாறு கொஞ்சம் சொன்னால் தேர்வு எளிதாகும். 1974இல் நியூயார்க்கின் ஹாஸ்பிட்டல் ஃபார் ஸ்பெஷல் சர்ஜரியில் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய மூட்டில் பின் லிகமென்ட் எடுக்கப்பட்டது. அது நன்றாக உழைத்தது, ஆனால் மடக்கம் சராசரியாக 90 டிகிரியை ஒட்டியே நின்றது. தொடை எலும்பு பின்னோக்கி உருளாததால் சீக்கிரமே முட்டிக்கொண்டது. இதைச் சரிசெய்ய 1978இல், நடுவில் பிளாஸ்டிக் தூணும் அதில் மோதும் உலோகக் குறுக்குத் தண்டும் கொண்ட வடிவம் வந்தது. மடங்கும்போது தண்டு தூணில் பட்டுத் தொடை எலும்பைப் பின்னே தள்ளும். மடக்கம் கூடியது.

தூணுள்ள மூட்டை வைப்பவருக்கு இழுவையைச் சமன்செய்வது எளிது; வளைந்த காலிலும் வேலை செய்யும். ஆனால் பின் லிகமென்டை எடுத்ததும் மடக்க இடைவெளி சில மில்லிமீட்டர் பெருகும், நீட்ட இடைவெளி அவ்வளவு பெருகாது. இதைக் கவனிக்காமல் விட்டால் மடங்கிய நிலையில் மூட்டு தளரும். அரிதாகத் தூணைத் தாண்டியே நழுவும். தூணுக்கு இடம் தர எலும்பில் ஒரு பெட்டி வெட்டவும் வேண்டும்.

லிகமென்டை வைத்துச் செய்தால் எலும்பு மிஞ்சும். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் ஓரளவு மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அந்த லிகமென்டின் இழுவை சரியாக இருந்தால்தான் பலன். அதிகம் இறுகியிருந்தால், சோதனைத் தட்டை வைத்துக் காலை மடக்கும்போது தட்டின் முன்விளிம்பு எலும்பை விட்டு மேலே எழும். பார்த்தவுடன் தெரிகிற அடையாளம் இது. தளர்ந்திருந்தால், தொடை எலும்பு பின்னோக்கி உருள வேண்டிய இடத்தில் முன்னோக்கி வழுக்கும், மடக்கம் குறையும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நாளடைவில் இந்த லிகமென்ட் நைந்துபோகலாம் என்பதால் பலர் அவர்களுக்குத் தூணுள்ள மூட்டையே தேர்கிறார்கள். முட்டிச் சில்லு முன்பே எடுக்கப்பட்டவர்களுக்கும் அதுதான்.

மடக்கத்தில் எது மேல் என்று கேட்டால், பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு லிகமென்டை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.4 டிகிரி கூடுதல் என்றது. 2.4 டிகிரியை நோயாளியால் உணர முடியாது. இந்த எண்ணைக் காட்டி யாராவது ஒரு பக்கம் உறுதியாகப் பேசினால் நான் நம்ப மாட்டேன். இங்கே சர்ஜனின் பழக்கத்துக்கு விட்டுவிடலாம்.

பின்பக்கக் குமிழின் கனம்

மடக்கத்தைப் பற்றிப் பேசும்போது அதிகம் விளம்பரமாகாத ஒரு விஷயம் இது. தொடை எலும்பின் பின்குமிழ் எவ்வளவு பின்னே துருத்தி நிற்கிறதோ, அவ்வளவு மடங்கிய பிறகே எலும்பு பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் முட்டும். பின் லிகமென்டை வைத்த மூட்டுகளில் 2002இல் பெலெமான்ஸ் குழு அளந்தபோது, இந்தத் துருத்தல் 2 மில்லிமீட்டர் குறைந்தால் மடக்கம் சுமார் 12 டிகிரி குறைவதாகச் சொன்னது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அந்த எண்ணை அப்படியே உறுதிசெய்யவில்லை. இருந்தாலும் இரண்டு மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய அளவு என்பது விளங்கும். "அதிகம் மடங்கும் ஸ்பெஷல் மூட்டு" என்று விற்கப்படும் வடிவங்கள், சாதாரண வடிவத்தைவிட நோயாளிக்கு உணரத்தக்க அளவு மடக்கத்தைக் கூட்டியதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. நகரும் பிளாஸ்டிக் தட்டுள்ள மூட்டுகளின் நிலைமையும் அதேதான். இவற்றுக்காகத் தனியாகக் காசு கொடுக்கச் சொன்னால் யோசியுங்கள்.

கையா, ரோபோவா?

ரோபோ இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது செய்வது என்ன என்று தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். திட்டமிட்ட கோணத்தில் எலும்பை வெட்டுவதில் அது மனிதக் கையைவிடத் துல்லியம். கோணம் விலகிப்போகும் கால்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இது நிரூபணமான நன்மை. புதிய தலைமுறை ரோபோக்கள் இன்னொன்றும் தருகின்றன: எலும்பை வெட்டும் முன்பே, காலை அசைத்து, நீட்டத்திலும் மடக்கத்திலும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி வரும் என்று திரையில் காட்டுகின்றன. ஒரு டிகிரி மாற்றினால் எண்கள் எப்படி மாறும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். ஜவ்வை வெட்டுவதற்குப் பதிலாக மூட்டின் இடத்தைச் சற்று நகர்த்திச் சமநிலை கொண்டுவர இது உதவுகிறது. எனக்கு இந்தப் பகுதிதான் உண்மையிலேயே பிடித்தது.

ஆனால் அந்த எண்ணைக் கொண்டு என்ன செய்வது என்று ரோபோ சொல்வதில்லை. உட்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று தீர்மானிப்பது சர்ஜன். காலை அசைத்து அளவெடுக்கும்போது எவ்வளவு விசை கொடுக்கிறார் என்பதும் அவர் கையில்தான். தென்கொரியாவில் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2020இல் வெளிவந்தது. பழைய தலைமுறை ரோபோவால் செய்தவர்களையும் கையால் செய்தவர்களையும் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், நடையிலும் வலியிலும் மூட்டின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை. அந்த ரோபோவுக்கு ஜவ்வின் கணக்கு தெரியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். புதியவற்றின் நீண்ட காலக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும். இன்றைய நிலையில், அனுபவமுள்ள சர்ஜனும் ரோபோவும் சேர்ந்து கிடைத்தால் நல்லது. ரோபோ மட்டும் இருந்து அனுபவம் இல்லாத இடத்தைவிட, ரோபோ இல்லாத அனுபவக் கை மேல்.

தையல் போட்ட பிறகு

மூட்டின் உறையைத் தைத்து முடித்ததும் சில சர்ஜன்கள் ஒரு வேலை செய்வார்கள். தொடையை உயர்த்திப் பிடித்து, கீழ்க்காலைத் தன் எடையாலேயே தொங்கவிடுவார்கள். யாரும் அழுத்தாமல் அது எங்கே போய் நிற்கிறதோ, ஏறக்குறைய அந்தக் கோணமே நோயாளிக்குக் கடைசியில் கிடைக்கும். இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சியின் இலக்கு அதுதான். அறுவை மேசையில் 110 வந்த காலுக்கு 130 வேண்டும் என்று அழுத்துவது வலியையும் வீக்கத்தையும்தான் தரும். மேசையில் 120 வந்த கால் ஆறு வாரத்தில் 80இல் நின்றால், அது மூட்டின் குறை இல்லை. உள்ளே ஒட்டிக்கொண்ட தழும்பு.

அப்படி 90ஐத் தாண்டாத காலை, மயக்கம் கொடுத்து மெல்ல மடக்கிவிடும் வழி ஒன்று உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால் நல்ல பலன். அதற்குப் பிறகு தழும்பு கெட்டிப்பட்டுவிடும். இதைத் தோல்வி என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். படுக்கையில் காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரம் பற்றியும் கேட்பார்கள். காக்ரன் தொகுப்பாய்வின்படி அதனால் கூடும் மடக்கம் 2 டிகிரி அளவுதான். அதற்குப் பணமோ நேரமோ செலவழிக்கத் தேவையில்லை.

முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும், ஆனால் முதல் வாரங்களில் அதைச் செய்யவே கூடாது. துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வைத்து, முழங்காலின் பின்பக்கம் காற்றில் நிற்க, அது மெல்லத் தாழ்ந்து நீள விடுங்கள். வலிக்கத்தான் செய்யும். கூடவே தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும்போது

நான் கேட்கச் சொல்வது நான்கே கேள்விகள். என் கால் இப்போது எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது, அறுவைக்குப் பிறகு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? என் காலின் வளைவை முழுதாக நேராக்கப் போகிறீர்களா, கொஞ்சம் விட்டுவைப்பீர்களா, ஏன்? என் லிகமென்ட் நீங்கள் நினைத்ததைவிட மோசமாக இருந்தால், அதிகப் பிடிப்புள்ள மூட்டு அன்றைக்கு அறுவை அறையில் தயாராக இருக்குமா? கடைசியாக, தையல் போட்டு முடித்ததும் என் கால் எவ்வளவு மடங்கியது, நேராக நீண்டதா என்று குறிப்பில் எழுதித் தருவீர்களா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கடுமையாக வளைந்த காலில் உட்பக்க லிகமென்ட் அறுவையின் நடுவே பலவீனமாகிவிட்டால், சாதாரண மூட்டு அங்கே பிடிக்காது. உயரமான தூணுள்ள மூட்டோ, கீல் வகை மூட்டோ வேண்டிவரும். அது அலமாரியில் இல்லாத நாளில் அந்தக் காலைத் திறக்கக் கூடாது.